பட்டறை வாசல் பலகை

ஆயுத பூஜைக்கு இருபத்துமூன்று நாள் இருக்கும்போது ராக்கையா மாமா வந்து, விஜயதசமியன்று ஒச்சம்மாளைப் பட்டறைக்கு அனுப்பிவிடும்படி சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குள் வரவில்லை. சைக்கிளில் உட்கார்ந்தவாக்கில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார். ஒச்சம்மாள் என் தங்கை. அவளுக்கு அப்போது பதினாலு வயது. மாமா எங்கள் ஆத்தாவின் தம்பி; அப்பா இல்லாத எங்கள் வீட்டுக்கு அவர்தான் பெரிய ஆள். பட்டறையில் மேஸ்திரி.

பட்டறை, போடியிலிருந்து முந்தல் போகும் ரோட்டில் இருந்தது. மலையில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர்களில் விறகை எரித்து, அந்தச் சூட்டைத் தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றி ஓடவிடுவார்கள். குழாய் மரப்பலகையைத் தொடும் இடத்தில் தீப்பிடிக்காமல் இருக்க ஒரு கயிற்றைச் சுற்றுவார்கள். அந்தக் கயிற்றைத்தான் பட்டறையில் திரித்தார்கள். கல்நார் கயிறு. பெண்கள் அதைக் கல்நார் என்று சொல்ல மாட்டார்கள், வெள்ளைப் பஞ்சு என்பார்கள். சாக்கில் கட்டிகட்டியாக வருவதைக் குச்சியால் அடித்து உதிர்த்து, கையால் பிரித்து, மெஷினுக்குள் கொடுக்க வேண்டும். பதினாலு வருடம் ஆத்தா அந்தச் சோலியைப் பார்த்தாள். சாயங்காலம் வரும்போது புருவம், கண்ணிமை எல்லாம் நரைத்துப்போய் வருவாள். பஞ்சு வந்த சாக்குகளை உதறி, தைத்து, எங்களுக்கு விரிப்பாகப் போடுவாள். ஒச்சம்மாள் குழந்தையாக இருந்தபோது அவளுக்குத் தொட்டில் கட்டியதும் அந்தச் சாக்கில்தான். மெத்தென்று இருக்கும் என்று லைனில் எல்லா வீட்டிலும் அந்தச் சாக்குக்குப் போட்டி நடக்கும்.

லைன் என்பது பட்டறைக்குப் பின்னால் இருந்த பத்து வீடுகள். அவையும் முதலாளி சீனிச்சாமிக்குச் சொந்தம். வீட்டுக்கு ஒரு ஆள் பட்டறையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தவள் படுத்துவிட்டால் அதே வீட்டிலிருந்து இன்னொருத்தி வர வேண்டும். யாரும் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புது ஆள் சேர்வது விஜயதசமியன்று மட்டும்.

ஆத்தா சித்திரையில் படுத்தாள். சட்டியைத் தூக்கி அடுப்பில் வைப்பதற்குள் இரண்டு தடவை உட்காருவாள். போடியில் பார்த்தவர்கள் டி.பி. என்று சொல்லி ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தார்கள். புரட்டாசியில் ரயில் ஏறி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன். அங்கே ஒரு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன சோலி பார்த்தாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்மேல் எரிந்து விழுந்தார், ஏதோ நான்தான் அவளை அங்கே உட்காரவைத்த மாதிரி. கல்நார்த் தூசி நெஞ்சுக்குள் போய்த் தைத்துவிட்டது, இனி அது வெளியே வராது, மருந்து கிடையாது என்றார். "அதுக்குச் சட்டம் இருக்கு. சின்னப் பிள்ளைகள அந்தப் பக்கமே விடக்கூடாது. போய்த் தேடிப் படிங்க" என்றார். எந்தச் சட்டம் என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு வாய் எப்போதுமே ஒரு நிமிடம் தாமதமாகத்தான் வரும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அது ஒரு காரணம்.

ஒச்சம்மாளுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று ஆத்தாவிடம் சொன்னேன். எனக்குப் பதினேழு. ஏலக்காய்க் கமிஷன் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆத்தா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"நீ கட்டிக்குடுக்க வேண்டியவ. இருமிக்கிட்டு நின்னா எவன் கேப்பான்? அவளுக்கு இன்னும் காலம் கெடக்கு."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தங்கையை அனுப்பப் பார்க்கிறாள். அன்றிலிருந்து ஆத்தாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டேன்.

முதலில் கிளை நூலகத்துக்குப் போனேன். நூலகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கோலப் புத்தகம் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். சட்டம் என்றேன். என்ன சட்டம் என்றார். கல்நார் என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாம் தடவை அவருக்குக் கேட்டது. அலமாரியைத் திறந்தார். குத்தகைச் சட்டம், நில உச்சவரம்புச் சட்டம், அதன் பக்கத்தில் கோழி வளர்ப்பு. "கல்லுக்கெல்லாம் யாரும்மா சட்டம் போடுவா" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அவர்களும் சிரித்தார்கள்.

பிறகு வக்கீல் குமாஸ்தா ராஜாராமிடம் போனேன். அவர் வீட்டு வாசலில் எப்போதும் நாலு பேர் பத்திரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். பாகமா, ஜீவனாம்சமா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றதும் முகம் சுருங்கியது. இருந்தாலும் அன்பாகத்தான் பேசினார். எந்தப் பட்டறை, எத்தனை பேர், உன் பெயர் என்ன, அம்மா பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். விசாரித்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் வா என்றார். நான் அவரை நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து லைனுக்கு வரும் தண்ணீர்க் குழாயைப் பட்டறைக்குள்ளிருந்து அடைத்துவிட்டார்கள். பெண்கள் குடத்தோடு போய்க் கேட்டபோது முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "இருளம்மா மக சட்டம் தேடுறாளாம்ல. சட்டத்துலயே தண்ணி பிடிச்சுக்கங்க."

மற்ற ஒன்பது வீட்டுக் குடமும் எங்கள் வாசலில் வந்து இறங்கியது. சுருளியம்மாள் பக்கத்து வீடு. ஆத்தாவும் அவளும் ஒன்றாகப் பஞ்சு அடித்தவர்கள். அவள் மகள் ஆயம்மாள் போன வருட விஜயதசமியில்தான் பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். ஒச்சம்மாளைவிட ஒரு வயது மூத்தவள். சுருளியம்மாள் வெறும் குடத்தை என் காலுக்குக் கிட்டே வைத்தாள்.

"படிச்ச மூதேவி. நீ கெடுக்குறதுக்கு ஒங்காத்தா நெஞ்சு பத்தாதா? எங்க வவுறும் வேணுமா?"

அன்று சாயங்காலம் ராக்கையா மாமா வந்து ஆத்தாவின் கண்ணெதிரில் என் கன்னத்தில் அறைந்தார். ஆத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் தண்ணீர் வந்தது. எங்கள் முறை வரும்போது மட்டும் யாராவது ஒருத்தி குழாயடியில் துணி அலசிக்கொண்டே இருப்பாள்.

அறை விழுந்த மறுநாளே, மதுரையில் இருந்த தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு கார்டு எழுதினேன். எழுதும்போது எனக்கு வாய் திக்காது. கல்நார் வேலை பற்றிய சட்டத்தில் சிறு பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று தெரிவிக்கும்படி கேட்டிருந்தேன். பதில் கமிஷன் கடை விலாசத்துக்கு வந்தது. தாங்கள் கோரும் விவரம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் அடங்கியது என்பதைக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பிக்கவும் என்று இருந்தது. கீழே ஒரு கையெழுத்து, புழு நெளிந்த மாதிரி. அதை, எப்போதும் இடுப்பில் செருகி வைத்திருக்கும் நோட்டுக்குள் வைத்தேன். எந்தப் பிரிவு என்று தெரிந்திருந்தால் நான் ஏன் உங்களைக் கேட்கிறேன் என்று அடுத்த பக்கத்தில் எழுதினேன். அதை அனுப்பவில்லை.

ஒச்சம்மாள் சந்தோஷமாக இருந்தாள். ஆயம்மாளோடு உட்காரலாம், வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொண்டு போகலாம், ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். போட்டுக்கொள்ளப் போகிற தாவணியை இரண்டு தடவை துவைத்துவிட்டாள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். "ஆத்தா பீடி சுத்துனவுக பக்கத்துல ஒக்காந்தா, அதான் இருமல்" என்றாள். அப்படி யாரும் ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்ததே கிடையாது. மாமா சொல்லிக்கொடுத்திருந்தார்.

பூஜைக்கு முதல் நாள் பட்டறையைக் கழுவுவது லைன் வீடுகளின் பொறுப்பு. ஆத்தாவின் பங்குக்கு நான் போனேன். யாரும் என்னோடு பேசவில்லை. மெஷினைத் துடைப்பதும் பொட்டு வைப்பதும் அவர்கள் எடுத்துக்கொண்டு, வாசலைக் கூட்டுவதை எனக்குத் தள்ளிவிட்டார்கள்.

வாசல் தூணில் ஒரு தகரப் பலகை ஆணியில் தொங்கும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். பலகை என்று பெயரே தவிர, பார்வைக்குத் தெரிவது சந்தனம் மட்டும்தான். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பூசுகிற மாதிரியே அதற்கும் சந்தனம் பூசி, மூன்று விரலால் திருநீறு இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பார்கள். பழசைத் துடைக்கக் கூடாது, அதன் மேலேயேதான் பூச வேண்டும். அது மெஷினுக்குக் காவல் தகடு என்று ஆத்தா சொல்லியிருக்கிறாள். பழைய முதலாளி எங்கேயோ மந்திரித்துக் கொண்டுவந்து மாட்டியதாம். ஒரு தடவை மெஷின் ஒரு பெண்ணின் மூன்று விரலைக் கடித்த வருடம், பூசை குறைந்துவிட்டது என்று அதற்குக் கூடுதலாக ஒரு மாலை போட்டார்கள். லைனில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் அப்போது யாருமில்லை. தெரிந்த மாமா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அன்று மழை. வடகிழக்குக் காற்றில் சாரல் தூணில் அடித்து, பலகையின் கீழ்மூலையில் சந்தனம் ஊறிப் பெயர்ந்திருந்தது. கூட்டிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தபோது அந்த மூலையில் எழுத்துத் தெரிந்தது. தமிழ் எழுத்து. 'விலாசம்' என்று இருந்தது.

மந்திரத் தகட்டில் விலாசம் இருக்காது.

துடைக்கிற துணியை வாளியில் முக்கி அழுத்தித் தேய்த்தேன். சந்தனம் ஓடு ஓடாக வந்தது. கறுப்பு மையில் பொடி எழுத்து. மேலே தொழிற்சாலைகள் சட்டம் 1948, சுருக்கம் என்று போட்டிருந்தது. தொழிலாளர்கள் பார்வையில் படும்படி வாசலில் வைக்கப்பட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. கீழே பிரிவு 87, ஆபத்தான தொழில்கள். அதற்கும் கீழே தனியாக ஒரு பட்டியல்: கல்நார் கையாளுதல். தூசி மூச்சில் போகாதபடி இழுத்து வெளியேற்ற வேண்டும். இளம் வயதினர், அதாவது பதினெட்டு வயது நிறையாதவர்கள், எவரையும் இவ்வேலையில் அமர்த்தக் கூடாது. கடைசியில் ஆய்வாளரின் விலாசம்.

நூலகத்தில் இல்லாதது, குமாஸ்தா சொல்லாதது, மதுரைக்காரர்கள் என்னிடமே திருப்பிக் கேட்டது, எல்லாம் ஆத்தா பதினாலு வருடம் கற்பூரம் காட்டிய இடத்தில் இருந்தது. நோட்டு இடுப்பில் இருந்தது. பிரிவு எண்ணையும் விலாசத்தையும் முதலில் எழுதினேன். பிறகு மற்றதை.

பாதி எழுதுவதற்குள் சுருளியம்மாள் பார்த்துவிட்டாள். அவள் கத்தவில்லை. கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாரும் வந்து நின்றார்கள். வெறும் தகரத்தைப் பார்த்ததும் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வாளி விளிம்பில் நான் போட்டிருந்த துணி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாமியக் கழுவிட்டா" என்றாள் சுருளியம்மாள்.

நான் படித்தேன். அத்தனை பேர் முன்னால் வாய் திறந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதினெட்டு வயது நிறையாதவர்கள் எவரையும் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். ஆயம்மாள் கூட்டத்தில் இருந்தாள். சிரிப்பு வந்த மாதிரி அவள் அம்மாவைப் பார்த்தாள். யாரும் எழுத்தைப் பார்க்கவில்லை. கீழே வாளியில் கலங்கிக் கிடந்த சந்தனத் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். அதை எங்கே கொட்டுவது, கால்படாத இடம் எது என்று ஒருத்தி அழுதுகொண்டே கேட்டாள்.

மாமா ஓடிவந்து என் தலைமுடியைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் முதலாளி வந்தார். அவர் மட்டும் பலகையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு ஆணியிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"பழைய பலகை. எழுத்தெல்லாம் செல்லாது. போங்க, போயி சோலியப் பாருங்க" என்றார்.

ஆபீஸ் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். என் நோட்டு இடுப்பில்தான் இருந்தது. அதைப் பற்றி அவருக்குத் தெரியாது. ராத்திரி நான் தூங்கவில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆத்தா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். துணியை நனைப்பதற்கு முன்னால் கும்பிட்டாயா என்றாள். இல்லை என்றேன்.

பூஜை எப்படியோ நடந்தது. மறுநாள் விஜயதசமி. ஒச்சம்மாள் தலை நிறையக் கதம்பம் வைத்து, தாவணி கட்டி, மாமாவோடு போனாள். நான் நாலடி பின்னால் போனேன். அங்கே மெஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை. பெண்கள் எல்லாரும் பட்டறை வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். தூணில் ஆணி மட்டும் இருந்தது.

தகடு இல்லாமல் மெஷினில் கை வைக்க மாட்டோம் என்று சுருளியம்மாள் சொல்லிவிட்டாளாம். முதலாளி வந்து அது சாமி இல்லை, வெறும் பலகை என்றார். பத்து வருடமாக அவர் கையாலேயே முதல் பொட்டு வைத்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அப்படியானால் அதில் என்ன எழுதியிருக்கிறது, நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்றாள் ஒரு கிழவி. அவள் ஒன்றும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. முதலாளி வாயைத் திறந்தார், மூடினார். படித்தால் எதைப் படிப்பது என்று யோசித்திருப்பார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. மலைக்குப் போக வேண்டிய லோடு லாரியில் ஏறாமல் கிடந்தது. காய் பறிக்கும் காலம், ஸ்டோர்காரர்கள் கயிறு கேட்டு ஜீப்பில் ஆள் அனுப்பிவிட்டார்கள்.

பத்து மணிக்கு அவர் உள்ளே போய்ப் பலகையைக் கொண்டுவந்தார். தாமே சந்தனத்தைக் கட்டியாகக் கரைத்து, ஒரு எழுத்து தெரியாமல் முழுக்கப் பூசினார். முகம் ரத்தம் கட்டிய மாதிரி இருந்தது. பெண்கள் எழுந்து கும்பிட்டார்கள். மாலை போட்டார்கள். மெஷின் சுவிட்சைப் போட மாமா உள்ளே ஓடினார்.

ஒச்சம்மாள் வாசற்படியில் வலது காலை எடுத்து வைக்கப்போனாள். சுருளியம்மாள் குறுக்கே கையை நீட்டினாள்.

"தகட்டக் கழுவுனவ வீட்டுக் காலு இனிமே உள்ள படக்கூடாது. பட்டா நாங்க எந்திரிச்சுப் போயிருவோம்."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு லாரியைப் பார்த்தார். "சரி, போகச் சொல்லு" என்றார், சுவிட்சைப் போட்டுவிட்டு வந்த மாமாவிடம்.

அப்படித்தான் என் தங்கை பட்டறைக்குள் போகாமல் நின்றாள். பிரிவு 87 அவளைத் தடுக்கவில்லை, சுருளியம்மாளின் கைதான் தடுத்தது. ஒச்சம்மாள் தலையிலிருந்த பூவைப் பிய்த்து என் முகத்தில் எறிந்தாள். "ஒனக்கு வயித்தெரிச்சல்டி. நான் நாலு பேரோட இருக்கக்கூடாதுன்னு ஒனக்கு வயித்தெரிச்சல்" என்றாள். நான் பூவைப் பொறுக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தேன்.

எட்டு நாளில் வீட்டைக் காலி செய்தோம். ராசிங்காபுரத்தில் ஒரு தோட்டத்துக் கொட்டகை கிடைத்தது. கிளம்பும்போது சாக்கு விரிப்புகளை எடுக்க வேண்டாம் என்றேன். ஆத்தா கேட்கவில்லை. நான் வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினேன். அவற்றைச் சுருளியம்மாள் எடுத்துக்கொண்டு போனாள். தை மாதம் ஆத்தா இறந்துபோனாள். கடைசிவரை என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், பேசவில்லை. சாவுக்கு லைனிலிருந்து யாரும் வரவில்லை. மாமா வந்து கொள்ளி வைத்துவிட்டு, காரியத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்.

ஒச்சம்மாள் இப்போது என்னோடு கமிஷன் கடையில் காய் பொறுக்குகிறாள். ஒரே பஸ்சில் வருகிறோம், ஒரே முறத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்கிறோம். தேவைக்கு மேல் ஒரு சொல் கிடையாது. அவள் சளிப் பிடித்து இருமினால்கூட நான் கையை நிறுத்திவிடுவேன். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் கோபம் வரும்.

பலகையிலிருந்த விலாசத்துக்குப் பிரிவு எண்ணோடு எழுதினேன். இந்தத் தடவை பதில் ஒழுங்காக வந்தது. பதினெட்டு வயது நிறையாமல் அங்கே வேலை பார்ப்பவர்களின் பெயர், வயது, தகப்பனார் அல்லது தாயார் பெயரைக் குறிப்பிட்டு அனுப்பினால் நேரில் வந்து ஆய்வு செய்யப்படும் என்று இருந்தது.

சனிக்கிழமை ஒச்சம்மாளைப் பஸ் ஏற்றிவிட்டு முந்தல் ரோட்டுக்கு நடந்து போனேன். பட்டறை விடும் நேரம். எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்றேன். பெண்கள் புருவம் நரைத்து வெளியே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் சுருளியம்மாள் காறித் துப்பினாள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிய முகங்களில் சின்ன முகங்களாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெயர் தெரியும், அம்மா பெயர் தெரியும், யாருக்கு எந்த மாதம் பிறந்தநாள் என்பதுகூடத் தெரியும். ஒரே லைனில் வளர்ந்தவர்கள்.

இந்தக் கடிதம் போய் ஆய்வாளர் வந்து பார்த்தால், பெயர் எழுதிய வீடுகள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர்களும் ஒரு கொட்டகை தேடி அலைய வேண்டும். சுருளியம்மாள் என் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றுவாள். தூற்றட்டும்.

அஞ்சலகத்துத் திண்டில் வைத்து எழுதினேன். மொத்தம் நாலு பெயர். முதல் பெயர் ஆயம்மாள், வயது பதினைந்து, தாயார் சுருளியம்மாள்.

கடிதத்தைப் பெட்டியில் போட்டேன்.